முன்பு இங்கே நின்ற மரங்கள்

பிரெஞ்சு அகராதியில் 'மூஷ்' என்ற சொல்லுக்கு ஈ என்று பொருள் போட்டிருக்கும். பர்கண்டிப் பகுதியில், போன் நகருக்குத் தெற்கே, பொம்மார் கிராமத்து எல்லையை ஒட்டி ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பெயர் குளோ தே மூஷ். 'குளோ' என்றால் மதில் எழுப்பிய தோட்டம். அகராதியை மட்டும் நம்பிப் பெயர்த்தால் ஈத்தோட்டம் என்று வரும். பெரிய விலைக்குப் போகும் ஒயினுக்கு இப்படியொரு பெயரா என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, பழைய கிராமத்துப் பிரெஞ்சில் 'மூஷ் ஆ மியெல்' என்றால் தேனீ. சொல்லுக்குச் சொல், தேன் ஈ. தமிழருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. நம் மொழியும் அந்தப் பூச்சிக்கு அதே இரண்டு சொற்களைச் சேர்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறது. வெயில் நன்றாக விழுந்து குளிர்காற்று அதிகம் படாத சரிவு அது. அதனால் அங்கே தேன்கூடுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

திராட்சைக்கொடிக்குத் தேனீயால் ஆகவேண்டியது எதுவும் இல்லை. பயிரிடும் திராட்சையின் பூ தன்னிலேயே கருவுற்றுக் காய்த்துவிடும். அந்தக் கூடுகள் தேனுக்காகவும் மெழுகுக்காகவும் வைக்கப்பட்டவை. சர்க்கரை சாதாரண மக்களுக்கு எட்டாத பொருளாக இருந்த காலம். தேவாலயங்களுக்கு மெழுகுவர்த்தி ஓயாமல் தேவைப்பட்ட காலம். 1920களில் மொரீஸ் துருவான் என்ற ஒயின் வணிகர் அந்தத் தோட்டத்தைப் பல சொந்தக்காரர்களிடமிருந்து துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்தார். இன்று அவர் குடும்பத்திடம் ஏறத்தாழ 14 ஹெக்டேர் இருக்கிறது. வெள்ளை ஒயினும் சிவப்பு ஒயினும் அங்கிருந்து வருகின்றன. தேன் வியாபாரம் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. அங்கே தேன் எடுத்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்கள் வளர்த்த பூச்சியின் பெயர் மட்டும் புட்டியில் இருக்கிறது.

பர்கண்டி முழுக்க இப்படித்தான். சசாஞ்-மோன்ராஷேயில் லெ ஷெனவோத் என்று ஒரு தோட்டம். சணல் தண்டிலிருந்து நாரை உரித்தெடுத்தபின் மிஞ்சும் குச்சிக்குத்தான் 'ஷெனவோத்' என்று பெயர். நார் உரித்துக் குச்சியைக் குவித்துப்போட்ட இடம் அது என்பதை ஊர் மறந்தாலும் சொல் மறக்கவில்லை. மெர்சோவிலும் வேறு ஊர்களிலும் 'ஷார்ம்' என்று பெயர் கொண்ட தோட்டங்கள் உண்டு. கேட்பவர் அழகு, வசீகரம் என்று எடுத்துக்கொள்வார். ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் பலர் அதை 'ஷோம்' என்ற சொல்லோடு சேர்க்கிறார்கள்: அறுவடை முடிந்த தாள்க்கட்டை, உழுது கைவிட்ட தரிசு. வசீகரம் என்று நினைத்துக் குடிப்பவர் கையில் இருப்பது தரிசுக்காட்டின் பெயர். எனக்கு இரண்டாவது பொருள்தான் பிடித்திருக்கிறது. 2015இல் யுனெஸ்கோ பர்கண்டியின் 1,247 தோட்டத் துண்டுகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பட்டியல் ஒரு பழைய விவசாயக் கணக்குப் புத்தகம் போலத்தான் இருக்கிறது.

இந்தப் பெயர்களை யாரும் உட்கார்ந்து யோசித்து வைக்கவில்லை. காலையில் வேலைக்காரனை எந்தத் துண்டுக்கு அனுப்புவது என்று சொல்லவேண்டியிருந்தது. அதற்காக வாயில் வந்த பெயர்கள். உலகத்தில் எல்லா ஊரிலும் வயல்களுக்கு இப்படிப் பெயர் உண்டு. ஆனால் விளைந்த பொருள் வயலை விட்டுக் கிளம்பும்போது பெயர் வரப்போடு நின்றுவிடும். நம் அரிசிச் சாக்கில் பொன்னி என்று ரகத்தின் பெயர் இருக்கும், ஆலையின் பெயர் இருக்கும். விளைந்த வயலின் பெயர் இருக்காது. தேனும் அப்படித்தான், சணலும் அப்படித்தான், பழமும் அப்படித்தான். தன் நிலத்தின் பெயரை வாங்குபவர் வீட்டு மேசைவரை கொண்டுபோகும் மிகச் சில விளைபொருள்களில் ஒயின் ஒன்று. ஆகவே, அதே நிலத்தில் அதற்குமுன் விளைந்து பெயரில்லாமல் சந்தைக்குப் போன பயிர்களையும் நினைவில் வைக்கும் கடமை ஒயினுக்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். தேன்காரருக்குப் புட்டியும் இல்லை, சீட்டும் இல்லை. பிற்பாடு வந்த திராட்சைக்குத்தான் இரண்டும் கிடைத்தன.

துருவான் குடும்பத்தின் கதை இங்கிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டுகிறது. 1979இல் பாரிஸில் கோ-மியோ இதழ் நடத்திய ஒயின் போட்டியில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் ஒன்று முதல் பத்துக்குள் வந்தது. 1975ஆம் ஆண்டு அறுவடை அது. ஐரி என்ற தோட்டம். வைத்து வளர்த்தவர் டேவிட் லெட். மொரீஸின் வாரிசு ரொபேர் துருவான் அடுத்த ஆண்டே போன் நகரில் மறுபோட்டி வைத்தார். அவருடைய 1959 ஷாம்போல்-மியூசிஞி முதலிடம் பெற்றது. ஓரிகன் ஒயின் மயிரிழையில் இரண்டாமிடம். 1987இல் துருவான் குடும்பம் லெட்டின் தோட்டம் இருந்த டண்டீ குன்றுகளிலேயே நிலம் வாங்கியது. தேனீத் தோட்டத்துக்காரர்கள் வாங்கிய அந்தக் குன்றுகளை அக்கம்பக்கத்தார் அதுவரை வேறொரு பயிரால் அறிந்திருந்தார்கள்.

அது புரூன். காயவைப்பதற்கென்றே வளர்க்கும் பிளம் வகை. டண்டீ குன்றுகள் இருக்கும் வில்லாமெட் பள்ளத்தாக்கில் அதிகம் நின்றது இத்தாலியப் புரூன். கருநீலத் தோல், சற்றுப் புளிப்பான சதை. செப்டம்பரில் பழம் தானாகவே உதிரும். உதிர்ந்ததைக் கூடையில் பொறுக்குவார்கள். முதுகு வளைத்துச் செய்யும் வேலை. குடும்பம் முழுவதும், பிள்ளைகள் உட்பட, மரத்தடியில்தான் கிடக்கும். கலிபோர்னியாவில் பழத்தை வெயிலில் பரப்பினாலே போதும், காய்ந்துவிடும். ஓரிகனில் இலையுதிர் காலத்து மழை அதற்கு இடம் கொடுக்காது. அதனால் மரத்தட்டுகளில் பரப்பி, தட்டுகளை அடுக்கி, கீழே நெருப்பு மூட்டி உலர்த்தும் கொட்டகைகளைக் கட்டினார்கள். ஏறத்தாழ மூன்று கிலோ பழம் காய்ந்தால் ஒரு கிலோ புரூன். விறகுச் செலவு, ஆள் செலவு, மழைக்கு முன் முடிக்கவேண்டிய அவசரம். இத்தனைக்கும் பிறகு கலிபோர்னியாவின் இனிப்பான புரூன் சந்தையில் முந்திக்கொண்டது. 1962 அக்டோபர் 12 அன்று பெரும்புயல் ஒன்று ஓரிகன் கரையைத் தாக்கியது. தோப்புகளில் புரூன் மரங்களும் வால்நட் மரங்களும் வேரோடு சாய்ந்தன. பலர் திரும்ப நடவில்லை.

டேவிட் லெட் 1965இல் வந்தார். 1966இல் டண்டீ குன்றில் அவர் கொடி நட்ட இடம் கைவிடப்பட்ட புரூன் தோப்பு. 1970இன் கடைசி வாரங்களில் பில் பிளாசர், சூசன் சோகோல் பிளாசர் என்ற இளம் தம்பதி அதே குன்றில் இன்னொரு கைவிடப்பட்ட புரூன் தோப்பை வாங்கி, அடுத்த ஆண்டு முதல் கொடிகளை நட்டார்கள். அவர்கள் குடும்பம் பிற்காலத்தில் தோட்டத்தின் துண்டுகளைத் தனித்தனியாகப் புட்டியில் அடைத்தபோது வைத்த பெயர்கள்: தோப்புத் துண்டு, பெரியமரத் துண்டு, பீச்மரத் துண்டு, வாத்துப்பட்டித் துண்டு. பிரெஞ்சுச் சாயலில் கோட்டை, பிரபு என்று வைத்திருக்கலாம். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பலர் வைத்தார்கள். இவர்கள் விவசாயியின் வாயில் வரும் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். அதில் எனக்கு மரியாதை உண்டு.

இதை மரியாதை என்று சொல்வதற்கு வலுவான காரணம் இருக்கிறது. புரூன்காரர்கள் ஏன் குன்றின் சரிவைத் தேர்ந்தெடுத்தார்கள்? குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது நீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தில் நிற்கும் மரத்தின் பூ வசந்தகாலத்து உறைபனியில் கருகும். சரிவில் நிற்பது தப்பிக்கும். சரிவில் மழைநீரும் வேரடியில் நிற்காது. டண்டீ குன்றின் மண் எரிமலைப் பாறை சிதைந்து உண்டான செம்மண், பெயர் ஜோரி. இத்தனையும் ஒரு தலைமுறை தோப்புக்காரர்கள் பூ கருகியும் மரம் பட்டுப்போயும் கற்றுக்கொண்டவை. திராட்சைக்கு வேண்டியதும் இதே சரிவு, இதே வடிகால். கல்லூரியில் படித்துவிட்டு வந்த இளைஞர்கள் வரைபடத்தில் தேடிய இடத்தைக் கிழவர்கள் ஏற்கெனவே மரம் நட்டு அடையாளம் வைத்திருந்தார்கள். தோப்புத் துண்டு என்று பெயர் வைப்பது அந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போடுவது.

இன்னொன்றும் உண்டு. 1973இல் ஓரிகன் மாநிலம் நிலப் பயன்பாட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தட்டையான பள்ளத்தாக்கு விவசாயத்துக்கு, குன்றுச் சரிவுகள் காட்சி நன்றாகத் தெரியும் வீட்டுமனைகளுக்கு என்பதுதான் அப்போது பலருக்கு இயல்பாகத் தோன்றியது. லெட், பிளாசர் போன்ற ஒயின்காரர்கள் சரிவுகளும் விவசாய நிலமே என்று வாதாடி, வரைபடத்தில் அவற்றைக் காப்பாற்றினார்கள். அன்று விட்டிருந்தால் இன்று அங்கே வீடுகள் நிற்கும். தெருவுக்குப் புரூன் தெரு என்று பெயர் வைத்திருப்பார்கள். தெருவுக்கு வைத்த பெயரும் தோட்டத்துக்கு வைத்த பெயரும் ஒன்றாகாது. தோட்டத்தில் இன்னும் மண் கிளறப்படுகிறது. அதனால்தான் அங்கே அந்தப் பெயர் பொருந்துகிறது.

பயிரின் பெயர் மட்டுமல்ல, கருவியின் பெயரும் புட்டிக்கு வந்ததுண்டு. ஆஸ்திரேலியாவின் தெற்கில் ஒரு ஒயினுக்குக் கலப்பையின் பெயரை வைத்திருக்கிறார்கள். மெக்லாரன் வேல் பகுதியில் டாரன்பெர்க் என்ற பழைய குடும்ப நிறுவனம். 1912இல் ஜோசப் ஆஸ்பர்ன் என்பவர், மதுவைத் தொடாத மனிதர், தன் பந்தயக் குதிரைகளை விற்று வாங்கிய தோட்டம். அந்தக் குதிரைகளில் ஒன்றான ஃபுட்போல்ட்டின் பெயரில் இன்று ஒரு ஷிராஸ் ஒயின் இருக்கிறது. அவர்களுடைய விலை குறைந்த, அன்றாட ஒயினின் பெயர்தான் ஸ்டம்ப் ஜம்ப்: கட்டை தாண்டி.

இந்தக் கலப்பையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கவேண்டும். தென் ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்களுக்குக் கிடைத்த நிலத்தில் பெரும்பகுதி மாலிக் காடு. மாலி என்பது யூகலிப்டஸ் குடும்பத்துக் குத்துமரம். நம் ஊரில் தைலமரம் வெட்டியவர்களுக்கு அதன் குணம் தெரியும். வெட்டினால் சாகாது, அடிக்கட்டையிலிருந்து நாலைந்தாகத் துளிர்த்துவரும். மாலியின் உயிர் மண்ணுக்குள் இருக்கும் கிழங்குபோன்ற வேர்க்கட்டையில் இருக்கிறது. மேலே உருளையை இழுத்து மரத்தைச் சாய்த்துத் தீ வைத்துவிடலாம். கீழே கட்டை அப்படியே கிடக்கும். கலப்பை போனால் கொழு உடையும், ஏர்க்கால் முறியும், குதிரைக்கு அடிபடும். கட்டைகளை ஒவ்வொன்றாகத் தோண்டியெடுக்க ஆகும் கூலி நிலத்தின் விலையைத் தாண்டிவிடும். கட்டை பிடுங்கும் நல்ல இயந்திரம் செய்பவருக்கு 200 பவுண்டு என்று 1878இல் அரசு அறிவித்தது.

விடை அதற்கு முன்பே கிடைத்திருந்தது. யார்க் தீபகற்பத்தில் ரிச்சர்ட் போயர் ஸ்மித் என்பவர் உழுதுகொண்டிருந்தபோது கொழுவைப் பிடித்திருந்த போல்ட்டு உடைந்ததாகவும், கொழு தானாக மேலெழும்பிக் கட்டையைத் தாண்டி மறுபக்கம் மண்ணில் இறங்கியதாகவும் சொல்வார்கள். உடைந்ததை அவர் வடிவமாக்கினார். கொழுக்களை ஒரே சட்டத்தில் இறுக்காமல் ஒவ்வொன்றையும் தனிக் கீலில் தொங்கவிட்டு, ஒரு எடையைக் கட்டினார். கட்டை இடறினால் அந்த ஒரு கொழு மட்டும் எழும்பும். தாண்டியதும் எடை அதை மறுபடி மண்ணுக்குள் அழுத்தும். குதிரை நிற்கவேண்டியதில்லை. 1876 நவம்பரில் மூண்டா விவசாயக் கண்காட்சியில் அதைக் காட்டினார். கலப்பைக்கு அவர் வைத்த பெயர் விக்சன், பெண் நரி. சகோதரர் கிளாரன்ஸ் அர்ட்ரோசன் ஊரில் பட்டறை போட்டு அதைத் தொடர்ந்து செய்தார். 1882இல் நாடாளுமன்றம் ரிச்சர்டுக்கு 500 பவுண்டு கொடுத்தது. அரசு பிடுங்கத்தான் கேட்டது. அவர் தாண்டக் கற்றுக்கொடுத்தார்.

மலிவான ஒயினுக்கு இந்தப் பெயரை வைத்தது சரியான தேர்வு. மாளிகைச் சாப்பாட்டு மேசைக்குப் போகும் புட்டியில் இந்தக் கலப்பை உட்காராது. வயலிலிருந்து வீடு திரும்பியவர் திறக்கும் புட்டிக்கு வயலில் உழைத்த கருவியின் பெயர். அந்த நிறுவனத்தின் மற்றப் பெயர்களிலும் இந்த நேர்மை உண்டு. டெட் ஆர்ம் என்ற அவர்களுடைய புகழ்பெற்ற ஷிராஸ் ஒரு பூஞ்சை நோயின் பெயரைத் தாங்குகிறது. கொடியின் ஒரு கை பட்டுப்போகும். மிஞ்சிய கையில் கொஞ்சமாகக் காய்க்கும் பழத்தில் சாறு செறிந்திருக்கும். டெரலிக்ட் வைன்யார்டு என்று இன்னொன்று, கைவிடப்பட்ட தோட்டம். இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு காலம் இருக்கிறது. 1980களின் நடுவில் தென் ஆஸ்திரேலியாவில் திராட்சை மிஞ்சிப்போய், கொடிகளைப் பிடுங்கினால் அரசே பணம் கொடுத்தது. பழைய ஷிராஸ், கிரெனாஷ் கொடிகள், பாட்டன்மார் நட்டவை, டிராக்டரில் கட்டி இழுக்கப்பட்டன. திராட்சையும் ஒரு நாள் நிலத்தின் பழங்கதையாகும் பயிர்தான் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது.

அதே வட்டாரத்தில் திராட்சைக்கு இடம் விட்ட பயிரும் உண்டு. மெக்லாரன் வேலின் தென்கோடியில் வில்லங்கா என்ற சிற்றூர். பாதாம் தோப்புகளுக்குப் பெயர்போனது. 1970 முதல் அங்கே பாதாம் பூத் திருவிழா நடக்கிறது. தோப்புகள் பெரும்பாலும் திராட்சைக்கும் வீடுகளுக்கும் இடம் விட்டுவிட்டன.

ஸ்டம்ப் ஜம்ப் என்ற பெயரில் என் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு; அதைச் சொல்லாமல் விட்டால் நான் மேலே எழுதியது அரைகுறையாகிவிடும். அந்தக் கலப்பை எந்தக் காட்டைத் தாண்டியதோ அந்தக் காடு போயிற்று. வேர் பிடித்து வைத்திருந்த மேல்மண் பிற்பாடு வறட்சி ஆண்டுகளில் புழுதியாகக் கிளம்பியது. யார்க் தீபகற்பம் நருங்கா மக்களின் மண்; மெக்லாரன் வேல் கவுர்னா மக்களின் மண். கலப்பைக்கு நன்றி சொல்லும் பெயர் அவர்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. விவசாயப் பாரம்பரியம் என்று சொல்லும்போது எந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. குடியேறியவர் முதல் கொழுவை இறக்கிய நாளிலிருந்து எண்ணினால் கணக்கு தவறு.

டண்டீயிலும் அதே கேள்வி. புரூன் தோப்புக்கு முன் அந்தப் பள்ளத்தாக்கு வெறும் காடாகக் கிடக்கவில்லை. கலபூயா மக்கள் ஆண்டுதோறும் கோடை முடிவில் புல்வெளிக்குத் தீயிட்டார்கள். அந்தத் தீ புதரை அடக்கி, ஓக் மரங்களுக்கு இடைவெளி விட்டு, காமாஸ் கிழங்கு செழிக்கும் திறந்த வெளியைக் காத்தது. கிழங்கைக் குச்சியால் கெல்லியெடுத்து, குழியில் சூடேறிய கற்களுக்கு மேல் மூடி வேகவைத்தார்கள். முதலில் வந்த வெள்ளையர்கள் உழுவதற்கு இவ்வளவு தோதான சமவெளியா என்று வியந்தார்கள். அது தலைமுறை தலைமுறையாகக் கையால் பராமரிக்கப்பட்ட நிலம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. 1855இல் ஒப்பந்தம், அடுத்த ஆண்டு மிஞ்சியிருந்தவர்களைக் கிராண்ட் ராண்ட் ஒதுக்கிடத்துக்கு அனுப்பினார்கள். குன்றின் செம்மண்ணுக்கு வைத்த ஜோரி என்ற பெயர்கூடப் பின்னால் வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் பெயர்.

தோப்புத் துண்டு என்று எழுதத் தெரிந்தவர்கள் காமாஸ் வெளி என்றும் எழுதலாம். எழுதவேண்டும் என்பது என் விருப்பம். ஆனாலும் கலபூயாக்களின் பெயர் புட்டிக்கு வரவே இல்லை என்று சொல்லமுடியாது. டண்டீ குன்றுகள் இருக்கும் மாவட்டத்தின் பெயர் யாம்ஹில். அருகிலேயே இருக்கும் ஒயின் பகுதிகளில் ஒன்று யாம்ஹில்-கார்ல்டன், இன்னொன்று செஹேலம் மலைகள், மற்றொன்று துவாலட்டின் குன்றுகள். இந்தப் பெயர்கள் ஒவ்வொரு அறுவடையிலும் ஆயிரக்கணக்கான புட்டிகளில் அச்சாகின்றன. யாம்ஹில், துவாலட்டின் இரண்டும் கலபூயா மக்களின் பிரிவுகளுடைய பெயர்கள். செஹேலம் அவர்கள் குடியிருந்த ஓர் ஊரின் பெயர்.